விலையைப் பக்கத்திடம் விடாதீர்கள்

கேள்வி: கோட் எழுதாமலே ஆப் செய்கிற பபிளில் எங்கள் கடைக்கு ஆப் கட்டுகிறேன். ஒவ்வொரு சாரத்துக்கும் ஒவ்வொரு பக்கம் என்று 37 பக்கம் போட்டாயிற்று, இன்னும் பாதிகூட முடியவில்லை. வேறு வழி உண்டா? (வாசகர், ஏறாவூர்)

பதில்: உண்டு தம்பி, முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள். ஒரு பக்கம் போதும். அதன் அமைப்பில் 'டைப் ஒஃப் கொன்டென்ட்' என்று ஒன்று இருக்கும், அங்கே உங்கள் சாரம் டேபிளை, அதாவது சாரங்களின் விவரமெல்லாம் இருக்கிற அட்டவணையைத் தெரிவுசெய்யுங்கள். பட்டியலில் ஒன்றைத் தட்டும்போது அந்தச் சாரத்தையே பக்கத்துக்கு அனுப்பினால், படமும் நிறமும் விலையும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். மீதி 36ஐயும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழித்துவிடுங்கள்.

கேள்வி: வேறொரு சிஸ்டத்திலிருந்து ஓடர்கள் என் ஆப்பின் என்ட்பொயின்ட்டுக்கு (வெளியிலிருந்து தகவலை வாங்குகிற முகவரிக்கு) வருகின்றன. டெஸ்டில், அதாவது சோதித்துப் பார்க்கிற பதிப்பில், எல்லாம் சரி. லைவுக்கு விட்டபிறகு ஒரு ஓடர்கூட இல்லை, ஆனால் அனுப்புகிற பக்கம் 'வெற்றி' என்றே காட்டுகிறது! (வாசகர், வாழைச்சேனை)

பதில்: அனுப்புகிற முகவரியில் 'வெர்ஷன்-டெஸ்ட்' என்ற துண்டு இன்னும் கிடக்கிறதா பாருங்கள். அது இருக்கும்வரை ஓடர்கள் டெஸ்ட் டேட்டாபேஸில்தான் போய் விழும், டெஸ்டுக்கும் லைவுக்கும் டேட்டாபேஸ் வேறுவேறு. அந்தத் துண்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அப்புறம், டெஸ்டில் குந்தியிருக்கிற பழைய ஓடர்களைப் போய்ப் பாருங்கள், காத்துக்கொண்டிருக்கிற வாடிக்கையாளர் யாரும் இருக்கக்கூடும்.

கேள்வி: அண்ணன், கைத்தறிச் சாறி விற்கிறேன். ஓடர் பக்கத்தில் மொத்தத்தைக் கணக்குப் போட்டு, லிங்கிலேயே அடுத்த பக்கத்துக்கு அனுப்பி, அங்கிருந்து பேக்என்ட் வேர்க்ஃப்ளோவுக்கு (சேர்வரில் ஓடுகிற வேலைத்தொடருக்கு) கொடுக்கிறேன். போன கிழமை 4,500 ரூபா சாறி ஒன்றுக்கு 450 ரூபா என்று ஓடர் விழுந்திருக்கிறது. ஆப்பில் பிழையா? (வாசகி, மருதமுனை)

பதில்: ஆப் சொன்னதைத்தான் செய்திருக்கிறது தங்கச்சி. உங்கள் லிங்கின் வாலைப் பாருங்கள், 'மொத்தம்=4500' என்று நிற்கும். யாரோ கடைசிச் சைபரை அழித்துவிட்டு என்டரைத் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இதற்கு ஹெக்கர் எல்லாம் வேண்டாம், பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் போதும்.

பக்கம் என்பது வாங்குகிறவருடைய போனில் ஓடுகிற சாமான், அங்கே இருப்பதை அவர் எப்படியும் மாற்றலாம். கடைக்கு வந்த ஒருவர் சாறியைக் கையில் வைத்துக்கொண்டு "இது 450" என்றால் தலையாட்டிவிட்டுக் காசை வாங்குவீர்களா, விலைச்சீட்டைப் புரட்டிப் பார்ப்பீர்களா? உங்கள் வேர்க்ஃப்ளோவும் அதைத்தான் செய்யவேண்டும். எந்தச் சாறி, எத்தனை என்ற இரண்டை மட்டும் பக்கத்திலிருந்து அனுப்புங்கள், விலையை வேர்க்ஃப்ளோ சாறி டேபிளில் தானே எடுத்துப் பெருக்கட்டும். எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைந்தால் நிறுத்தட்டும், ஏனென்றால் -1 என்று போட்டுப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

அந்த வேர்க்ஃப்ளோவில் இருக்கிற மூன்று டிக்குகளையும் ஒருமுறை பாருங்கள்: வெளியிலிருந்து யாரும் அழைக்கலாமா, லொகின் இல்லாமல் ஓடலாமா, யார் எந்தத் தகவலைப் பார்க்கலாம் என்று சொல்கிற பிரைவசி ரூல்களைத் தாண்டலாமா. உங்கள் பக்கம் மட்டும்தான் இதை அழைக்கிறது என்றால் முதலாவது டிக்கே தேவையில்லை, எடுத்துவிடுங்கள். மூன்றையும் போட்டுவிட்டு "வேலை செய்கிறதே" என்று சந்தோசப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இதில் நானே சூடுபட்டவன். களுவாஞ்சிகுடியில் மச்சானின் தயிர்க் கடைக்கு இப்படி ஓடர் பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். ஒரு அக்கா சிக்னல் மெதுவான இடத்திலிருந்து பட்டனைத் தட்டியிருக்கிறார், ஒன்றும் நடக்காததால் இன்னொருமுறை, பிறகு இன்னொருமுறை. மச்சான் மூன்று சட்டி எருமைத் தயிரைக் கட்டி பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்க, "நான் கேட்டது ஒண்டுதானே தம்பி" என்றாராம். இரண்டு சட்டி திரும்பிவந்தது, ஏச்சு எனக்கு. இப்போது ஓடர் பக்கம் திறக்கும்போதே ஒரு தனி எண் உருவாகிறது, ஓடரோடு அதுவும் போகிறது, அதே எண்ணில் ஏற்கெனவே ஓடர் இருந்தால் என்ட்பொயின்ட் புதிதாக ஒன்றும் எழுதாது. பட்டனும் ஒருமுறை தட்டியதும் மங்கி 'அனுப்புகிறது…' என்று காட்டும். பட்டனை மங்கவைப்பது மட்டும் போதாது தங்கச்சி, அதுவும் பக்கத்தில் இருக்கிற சாமான்தானே.