கொசுவுக்கும் உண்ணிக்கும் கிருமி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: டெங்கு நோயாளியைக் கடித்த கொசு அடுத்த நிமிடமே என்னைக் கடித்தால் எனக்கும் டெங்கு வந்துவிடுமா? கொசுவும் உண்ணியும் பிறக்கும்போதே கிருமியுடன் பிறக்கின்றனவா?

முதல் கேள்விக்கு விடை, அநேகமாக வராது என்பதே. இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கொசுவின் கதை வேறு, உண்ணியின் கதை வேறு.

ஒருவருடைய இரத்தத்தை எடுத்து மற்றவருக்குக் குத்திவிடும் பறக்கும் ஊசியாகவே கொசுவைப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் வாயில் இரத்தத்தை உறிஞ்சும் குழல் வேறு, உமிழ்நீரைச் செலுத்தும் குழல் வேறு. உறிஞ்சிய இரத்தம் குடலுக்குப் போய்விடுகிறது. கடிக்கும்போது நம் உடம்பில் இறங்குவதோ உமிழ்நீர். ஆகவே குடலுக்குள் போன கிருமி எப்படியாவது உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடைந்தாலொழிய அந்தக் கொசுவால் நோயைப் பரப்ப முடியாது. டெங்கு வைரஸ் முதலில் ஏடிஸ் கொசுவின் குடற்சுவர் உயிரணுக்களைத் தொற்றி, அங்கே பெருகி, உடற்குழிக்குள் கசிந்து, கடைசியாகச் சுரப்பியைப் பிடிக்க ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகிறது. வெப்பம் கூடினால் இந்த நாள்கள் குறையும். பெண் கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால், கிருமியைக் குடித்த கொசுக்களில் பல அதைக் கொடுக்கும் நிலையை எட்டுமுன்பே செத்துப்போகின்றன. எட்டிவிட்ட கொசுவோ சாகும்வரை நோய் பரப்பும். நீங்கள் அஞ்ச வேண்டியது, இப்போது நோயாளியின் கட்டிலிலிருந்து பறந்துவரும் கொசுவை விட, பத்து நாளைக்கு முன் யாரையோ கடித்துவிட்டு உங்கள் வீட்டுத் திரைச்சீலையின் பின்னால் உட்கார்ந்திருக்கும் கொசுவைத்தான்.

மாணவனாக இருந்தபோது ஆய்வுக்கூடத்தில் இந்தச் சுரப்பியை எடுக்கக் கற்றேன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் கொசுவைக் கிடத்தி, ஓர் ஊசியால் மார்பை அழுத்திக்கொண்டு மற்றோர் ஊசியால் தலையை மெல்ல இழுத்தால், தலையோடு ஒட்டியபடி பக்கத்துக்கு மூன்று மடல்களாக, கண்ணாடிபோன்ற சுரப்பிகள் வெளியே வரும். கை சற்றே நடுங்கினாலும் அறுந்துவிடும். எனக்கு முதல் நாள் முழுவதும் தலை மட்டுமே வந்துகொண்டிருந்தது. அன்றுதான் மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸின் பொறுமை எனக்கு விளங்கியது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், நான்கு நாள்களுக்கு முன் மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கவிட்ட கொசுவின் இரைப்பைச் சுவரில் அவர் நிறமி படிந்த உருண்டைகளைக் கண்டார். மறுநாள் மற்றொரு கொசுவை அறுத்தபோது அவை பெரிதாகியிருந்தன. கொசுவுக்குள் ஏதோ வளர்கிறது என்பதற்கு அதுவே சான்று. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, அக்கிருமி உமிழ்நீர்ச் சுரப்பிவரை போவதையும் அவர் கண்டறிந்தார்.

எய்ட்ஸ் கொசுவால் பரவாததற்கும் காரணம் இதுவே. எச்ஐவி தொற்றக்கூடிய உயிரணு கொசுவின் குடலில் இல்லை. இரத்தத்தோடு சேர்ந்து அதுவும் செரித்துப் போகிறது.

எல்லாக் கிருமிகளும் உமிழ்நீர் வழியே வருவதில்லை. பிளேக் பாக்டீரியா எலித் தெள்ளுப்பூச்சியின் இரைப்பை வாயிலில் கட்டியாக அடைத்துக்கொள்கிறது. குடிக்கும் இரத்தம் உள்ளே இறங்காமல் பசியால் தவிக்கும் அந்தப் பூச்சி, கண்டதையெல்லாம் மீண்டும் மீண்டும் கடிக்கிறது. தொண்டையில் முட்டிய இரத்தம் கிருமியோடு கடிவாய்க்குள் திரும்புகிறது. கிருமி தன் வாகனத்தையே பட்டினி போட்டு வேலை வாங்குகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி உண்ணி. காட்டில் காணும் கடின உண்ணிகள் பெரும்பாலும் குஞ்சு, இளரி (இடைப்பட்ட இளம் பருவம்), முதிர்ந்த உண்ணி ஆகிய ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை, பல நாள் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கின்றன. ஆகவே குஞ்சுப் பருவத்தில் பெற்ற கிருமியைத் தோலுரித்த பின்னும் உடம்பில் காத்து, அடுத்த பருவத்தில்தான் அது வேறொருவருக்குக் கொடுக்க முடியும். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய் இப்படிப் பரவுவதே. மனிதரைப் பெரிதும் கடிப்பது அதைப் பரப்பும் உண்ணியின் இளரிப் பருவம். மனிதரிடமிருந்து மனிதருக்கு அந்நோய் பரவுவதில்லை.

பிறக்கும்போதே கிருமியுடன் பிறப்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு, தமிழகத்திலும் காணப்படும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும், ‘மைட்’ எனப்படும் வேறு வகையான மிகச் சிறிய உண்ணி. புதரிலும் புல்லிலும் வாழும் இதன் குஞ்சு மட்டுமே விலங்கையோ மனிதரையோ கடிக்கிறது, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. ஒரு முறை மட்டுமே கடிக்கும் உயிர், ஒருவரிடம் பெற்று இன்னொருவருக்குக் கொடுப்பது எப்படி? தாய் உண்ணியின் முட்டை வழியாகவே கிருமி குஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஏடிஸ் கொசுவிலும் டெங்கு வைரஸ் முட்டைக்குள் போவதுண்டு என்றாலும், அங்கே அது சிறுபான்மை. இங்கே அதுவே முதன்மையான வழி. அந்தக் குஞ்சு கடிப்பது வலிப்பதில்லை என்பதால், கடித்ததாக நோயாளி சொல்லமாட்டார்; சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரும்பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று அக்குளிலும் தொடையிடுக்கிலும் மருத்துவர்தான் தேடிப் பார்க்க வேண்டும்.