மூச்சுத்திணறலுக்குப் போன அப்பாவுக்குக் கால் ரத்தக்குழாய் ஸ்கேன் எதற்கு?

அப்பாவுக்கு இருப்பது சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டும் நாள்பட்ட நுரையீரல் நோய்), அதற்கு ஏன் கழுத்துக்கும் காலுக்கும் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எழுதுகிறார்கள், காசு பிடுங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செங்கோட்டையில் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். சந்தேகம் நியாயம்தான். ஆனால் இந்த விஷயத்தில் நான் உங்கள் நெஞ்சு டாக்டர் பக்கம்.

பீடிப் புகை நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தக்குழாயின் உள்சுவரையும் அரிக்கும். சி.ஓ.பி.டி.யால் உடம்பு முழுக்க இருக்கும் அழற்சியும் அதோடு சேர்ந்துகொள்ளும். இவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் மற்றவர்களைவிட அதிகம்.

காலில் அடைப்பு இருந்தால் நடக்கும்போது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். மூச்சு நோயாளிகளிடம் இந்த அறிகுறி வெளியே வராமலே போகலாம். ஆரியங்காவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ரப்பர் வெட்டுபவர். "நடந்தா கால் வலிக்குமாய்யா?" என்றேன். "கால் வலிக்கிற தூரம் எங்க போக? அதுக்கு முன்னாலயே மூச்சு முட்டி உக்காந்துருதேன்" என்றார். அவருடைய கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.6 வந்தது. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தாலே அடைப்பு என்றுதான் எடுத்துக்கொள்வோம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் சுண்ணாம்பேறி விறைத்துப்போய் இந்தக் கணக்கு பொய்யாக ஏறிக் காட்டும். அப்போது டாப்ளர் அலையைத்தான் நம்ப வேண்டும்.

கழுத்தில் பார்ப்பது முக்கியமாக ரத்தம் ஓடும் வேகம். ஹோஸ் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதுதான் கணக்கு. மூளைக்குப் போகும் உள் கரோட்டிட் ரத்தக்குழாயில் வினாடிக்கு 125 செ.மீ. தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு, 230 தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்பது பொதுவான அளவு.

மூச்சு நோயாளிகளை மல்லாக்கப் படுக்கவைத்து ஸ்கேன் எடுப்பது பாவம். முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தே எடுக்கலாம், கேளுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை இழுக்கும், படம் நழுவிப்போகும். மூச்சை அடக்கச் சொன்னால் இவர்களால் முடியாது. வெளியே விட்டபின் வரும் சின்ன இடைவெளியில்தான் அளவைப் பிடிக்கிறேன். நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்று. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் என்று ஆண்டுதோறும் கழுத்துக்குழாய்ச் சுவரின் தடிமனை அளப்பார்கள். அதற்குச் செலவு செய்யாதீர்கள். அறிகுறியே இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேனை வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை. டாக்டர் நாடி பார்த்தோ, மயக்கம், கை மரத்தல் கேட்டோ எழுதினால் அது வேறு கதை. எதற்காக எழுதினார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

சரி, போகும்போது இன்ஹேலர் பையில் இருக்கட்டும். ரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கழுத்துக்கும் காலுக்கும் மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம், வயிற்றுப் பெருந்தமனியும் (வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய்) சேர்த்து எழுதியிருந்தால்தான் வெறும் வயிறு.