சைக்கிளை விடாத மகளும் விலை பேசப்பட்ட காணியும்

போன சனிக்கிழமை திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா, படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். மகளுக்கு இருபது வயது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பெறுபேறு வந்துவிட்டது, மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. "விடிந்தால் சைக்கிள், பொழுதுபட்டால் சைக்கிள், புத்தகத்தைத் தொடுகிறாள் இல்லை சேர்" என்று சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைத்தது. கனடாவிலிருக்கும் தம்பி நாள் தவறாமல் போன் எடுக்கிறாராம். வெளிநாட்டில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு முகவரைப் பிடித்துவிட்டார். பாதிக் காசு அவர் தருவார், மீதிக்குச் சாம்பல்தீவுக் காணியை விற்க வேண்டும். மகள் இதையெல்லாம் காதில் வாங்காமல் ஒன்றையே சொல்கிறாள்: ஐரோப்பாவுக்குப் போய் ஒரு தொழில்முறை சைக்கிள் அணியில் ஓட வேண்டும்.

"பயப்படாதீர்கள், காலம் இருக்கிறது" என்றுதான் நானும் தொடங்கினேன். அப்புறம்தான் சொன்னார், காணிக்கு ஆள் வந்து விலை பேசிப் போய்விட்டது என்று. அதற்குமேல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது பிழை. அன்று அவரிடம் நேரே சொன்னதை, இதே யோசனையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அக்கா, காணியை விற்காதீர்கள்.

ஐந்தாறு வருடப் படிப்பு. கட்டணம் முழுவதும் வெளிநாட்டு நாணயத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த நேரம் பிள்ளைகளை வெளியே படிக்க விட்டிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் வருடத்துக்குக் காணி போதும், மூன்றாம் வருடத்துக்கு எதை விற்பீர்கள்? படித்து முடித்து வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குள் போய்விட முடியாது. அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்று வைக்கும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பிறகு உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டும். முகவர் இதில் எதைச் சொன்னார் என்று கேட்டேன். விமான டிக்கெட் தள்ளுபடியைச் சொன்னாராம்.

காசை விடுங்கள். ஒரு மணித்தியாலம் என் முன்னால் இருந்த பிள்ளை, டொக்டராக வேண்டும் என்று ஒரு தரமாவது வாய் திறந்து சொல்லவில்லை. தம்பி சொன்னார், பெரியம்மா சொன்னார், நீங்கள் சொன்னீர்கள். வராத விருப்பத்தைக் காணி விற்று வாங்க முடியாது.

மகள் பக்கமும் நான் சாயவில்லை. "பிள்ளை, நீ படம் ஒட்டி வைத்திருக்கிற சைக்கிள் வீரர்கள் எப்படி ஓட்டத்தை விட்டார்கள் என்று சொல்லு" என்று கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தடுமாறாமல் சொன்னாள். இத்தாலிக்காரர் சோனி கோல்பிரெல்லி 2021இல் சேற்றுக்குள் நடந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றவர். ஆறு மாதம் கூட ஆகவில்லை, 2022 மார்ச்சில் ஸ்பெயினில் ஒரு பந்தயத்தின் முதல் நாள், முடிவுக் கோட்டை இரண்டாவதாகக் கடந்த கையோடு இதயம் நின்று விழுந்தார். உயிர் தப்பியது. நெஞ்சுக்குள் இதயத்தைக் காக்கும் கருவி ஒன்று வைத்தார்கள். அந்தக் கருவியோடு போட்டியில் ஓட இத்தாலியில் அனுமதி இல்லை. 32 வயதில் ஓட்டம் முடிந்தது. ஜெர்மனியின் கிறிஸ்டினா போகல் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் பதினொரு உலகப் பட்டமும் வென்றவர். 2018 ஜூனில் பயிற்சியில் இன்னொரு வீரரோடு மோதி முள்ளந்தண்டு முறிந்து, இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார். டச்சுக்காரர் டொம் டுமுலன் எலும்பு முறிந்து ஓட்டத்தை விட்டவர் இல்லை. 2017இல் இத்தாலியைச் சுற்றி ஓடும் ஜிரோ தி இத்தாலியா பந்தயத்தை வென்ற அந்த ஆள், நான் யாருக்காக ஓடுகிறேன் என்றே தெரியவில்லை என்ற நிலைக்கு வந்து 2021இல் ஒதுங்கினார். திரும்பி வந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் எடுத்தார். அடுத்த வருடமே, 31 வயதில், முற்றாக விட்டுவிட்டார். பிரான்சில் பியேர் றோலண்டுக்குக் காலும் நெஞ்சும் நன்றாகத்தான் இருந்தன. 2022 கடைசியில் அணிக்கு அனுசரணையாளர் கிடைக்கவில்லை, அணி மூடப்பட்டது, அவர் வீட்டுக்குப் போனார்.

இதயம், விழுகை, மனம், காசு என்று நாலும் நாலு விதம். நாலு பேரில் ஒருவருக்கும் அவர் நினைத்த நாளில் ஓட்டம் முடியவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது: உலகின் முதல்நிலைப் பெண்கள் அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்ததே 2020இல்தான், வருடத்துக்கு 15,000 யூரோ. அதற்கு முன் அந்தத் தரை கூட இல்லை. நம் நாட்டிலோ சைக்கிள் ஓடிச் சம்பளம் எடுப்பவர்கள் பலர் முப்படை, பொலிஸ் அணிகளில் இருப்பவர்கள். போகலும் ஜெர்மன் பொலிஸில் வேலையில் இருந்தவர்தான், பிறகு தன் ஊர் நகரசபைக்கும் தெரிவானார். ஓட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கால் ஊன்றியிருந்தது அவருக்கு.

அதற்காகச் சைக்கிளை அறைக்குள் பூட்டிவையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு யோசனை வீட்டில் இருந்திருக்கிறது, அதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. ஒஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தொழில்முறை அணி ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் டோக்கியோவுக்கு வந்தார். பந்தயம் தொடங்கிய உடனே முன்னால் பாய்ந்து, கடைசி வரை பிடிபடாமல் தங்கம் எடுத்தார். படிப்பும் பெடலும் ஒன்றையொன்று தின்னும் என்பது உறவினர் கட்டிய கதை.

இனி, அன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்ததைச் சொல்கிறேன். பேச்சுவாக்கில் அந்த அம்மா ஒரு குறை சொன்னார். "போன வருடம் நிலாவெளி ரோட்டில் விழுந்து காறையெலும்பு முறிந்தது சேர். அதுக்குப் பிறகு குசினிச் சுவர் முழுக்கப் பென்சிலால கீறி வச்சிருக்கிறாள்." என்ன கீறல் என்று மகளைக் கேட்டேன். அவள் எழுந்து என் அறைச் சுவரோரம் போய் நின்றாள். சுட்டு விரலையும் நடு விரலையும் சுவரில் வைத்து, எறும்பு ஏறுவதுபோல மெல்ல மெல்ல மேலே நடத்தினாள். "கை தூக்கப் பயிற்சி சேர். முதல் நாள் இவ்வளவுதான் போச்சு." நெஞ்சு மட்டத்தில் காட்டினாள். "ஒவ்வொரு நாளும் விரல் போன இடத்தில ஒரு கோடு, பக்கத்தில திகதி. இருபத்தேழாவது கோடு தலைக்கு மேல." பிறகு தோளை உயர்த்தினாள். "இப்படித் தோளைத் தூக்கி ஏமாற்றினால் கோடு மேல போகும், ஆனால் மூட்டு அசையாது. அம்மம்மாவுக்கும் தோள் இறுகிப் போச்சு, அவவும் இப்படித்தான் ஏமாற்றுவா, நான் விடமாட்டேன்." அம்மம்மாவின் கோடுகள் நிலைக்கதவில் இருக்கின்றனவாம்.

அக்கா, நீங்கள் சுவர் அழுக்காகிவிட்டது என்றீர்கள். எனக்கு அங்கே ஒரு இயன்மருத்துவர் தெரிந்தார்.

ஆசிரியர், தாதி, வங்கி என்று எல்லோரும் சொல்லும் வழிகளை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. இயன்மருத்துவத்தை, நாம் வழக்கத்தில் பிசியோ என்பதை, திருமலையில் ஒரு பெற்றோராவது தாமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் நாலு வருடப் பட்டம், ஆங்கில மொழியில். உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கானது. அரச பல்கலைக்கழகம் என்பதால் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை, தகுதியிருந்தால் மகாபொல புலமைப்பரிசில் உதவியும் உண்டு. வெட்டுப்புள்ளி மருத்துவத்தை விடக் குறைவு. லேசு என்று நினைக்கவேண்டாம், எட்டக்கூடியது என்கிறேன். திருகோணமலை மாவட்டத்துக்கு மாவட்ட ஒதுக்கீட்டோடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீதத்திலும் பங்கு இருக்கிறது. பிள்ளைக்கு இன்னும் இரண்டு தடவை பரீட்சைக்கு இருக்கலாம். விண்ணப்பத்தில் விருப்ப வரிசை நிரப்பும்போது முதல் இரண்டு வரியைக் கவனமாக எழுதிவிட்டு மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. மூன்றாம் நாலாம் வரியில்தான் பல பிள்ளைகளின் வாழ்க்கை இருக்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு சேர்ந்த பயிற்சிக் கல்லூரியும் ஒன்று உண்டு. அதற்கு அறிவித்தல் வர்த்தமானியில் வரும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"பிசியோ என்றால் பிடித்து விடுறதுதானே" என்றாராம் பெரியம்மா. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், அசைவின் பொறியியல், நரம்பு, நுரையீரல், குழந்தை நோய் என்று படித்து, வார்டு வார்டாகப் பயிற்சி எடுத்து, மருத்துவ சபையில் பதிந்து செய்யும் தொழில் இது. பக்கவாதம் வந்தவரைக் கட்டில் ஓரத்தில் முதல் தடவை நிமிர்த்தி உட்கார வைப்பது இவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் நெஞ்சுச் சளியை வெளியே கொண்டுவருவது இவர்கள். போரில் காலிழந்தவர் பொய்க்காலோடு நடை பழகுவதும், கழுத்து நிற்காத குழந்தை தலை தூக்கப் பழகுவதும் இவர்கள் கையில்தான். நம் கடற்கரையில் கரைவலை இழுத்து இழுத்துத் தோளும் இடுப்பும் போன மனிதர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு மூச்சை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவர்கள் பேசும் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். இந்த வேலை பாதிக்கு மேல் பேச்சு. நோயாளிக்கு விளங்காவிட்டால் பயிற்சி வீட்டு வாசலைத் தாண்டாது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை, பாரம் தூக்கும் வேலை. பட்டம் கிடைத்த மறுநாளே அரச நியமனம் வரும் என்று நம்பி இருக்கக்கூடாது. ஆங்கிலம் முதல் வருடத்தில் நன்றாகப் படுத்தும்.

பேராதனையைப் பற்றி மகளுக்குத் தனியாக ஒன்று சொன்னேன். திருமலையிலிருந்து நிலாவெளி வரை ஓடினாலும் புல்மோட்டை வரை ஓடினாலும் தட்டை நிலம். ஐரோப்பாவில் ஓட நினைப்பவளுக்கு ஏற்றம் வேண்டும். பேராதனையில் கலகா வீதி பல்கலைக்கழகத்தின் ஊடாகவே மலைக்கு ஏறுகிறது, கடுகண்ணாவ ஏற்றமும் தூரமில்லை. அதுவரை குனிந்திருந்த பிள்ளை அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "எத்தனை கிலோமீற்றர் ஏற்றம் சேர்?" என்றாள்.

ஓட்டத்துக்கு அவள் நாலு வருடம் கேட்கிறாள், படிப்பும் நாலு வருடம். இரண்டையும் ஒன்றாகக் கொடுங்கள். காலையில் ஓடட்டும், ஹெல்மெட்டோடு. இதயத்தை ஒரு தடவை டொக்டரிடம் காட்டிப் பரிசோதியுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். பந்தயச் செலவுக்குக் கடன் எடுக்கக்கூடாது. காணிப் பேச்சு இன்றோடு நிற்க வேண்டும். தம்பி உண்மையிலேயே உதவ விரும்பினால், மகள் இரண்டாம் தடவை பரீட்சைக்கு இருக்கும் வருடத்து ரியூஷன் காசையும் ஆங்கில வகுப்புக் காசையும் அனுப்பட்டும். அவர் பேசும் தொகையில் அது ஒரு மூலைக்கும் காணாது.

வருகிற புதன் பின்னேரம் வாருங்கள். பெறுபேற்றுத் தாளையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலையும் கொண்டுவாருங்கள், விருப்ப வரிசையை ஒன்றாக இருந்து எழுதுவோம். தம்பியை வீடியோ அழைப்பில் எடுத்துத் தாருங்கள், அவரோடு நான் பேசுகிறேன். அதற்கு முன் ஒரு நாள் மகளை ஆஸ்பத்திரிப் பிசியோ பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அனுமதி கேட்டு, ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து பார்க்க விடுங்கள். குசினிச் சுவருக்கு இப்போதைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்.