போர்ட் கோளாறுக்கு மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: பழைய சர்வர் ஒன்று வாங்கினேன். நான்கு நெட்வொர்க் போர்ட்டுகளில் இரண்டாவது மட்டும் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. “ஃபர்ம்வேரை அப்டேட் செய்தால் சரியாகிவிடும்” என்றார் விற்றவர். பயாஸ் (சர்வரைத் துவக்கும் ஃபர்ம்வேர், அதாவது சிப்பில் பதிந்த மென்பொருள்) அப்டேட் ஓடும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: பொறுங்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

முதலில் சர்வரை எழுப்புவோம். பின்பக்கம் மேனேஜ்மென்ட் போர்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறதா பாருங்கள். டெல் சர்வரில் ஐடிராக், ஹெச்பியில் ஐஎல்ஓ, மற்றவற்றில் பொதுவாக ஐபிஎம்ஐ என்பார்கள். அதன் பின்னால் இருப்பது தனிச் சிப். பவர் கேபிள் செருகியிருந்தாலே அது விழித்திருக்கும். பயாஸ் செத்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அதன் இணையப் பக்கத்தைத் திறந்தால், பயாஸ் கோப்பை அங்கிருந்தே ஏற்றிப் பார்க்கலாம். சில தயாரிப்புகளில் இதற்கும் தனி லைசென்ஸ் கேட்பார்கள், எரிச்சல்தான்.

அந்த வழி இல்லையென்றால், போர்டில் பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி, புரோகிராமர் கருவியால் எழுத வேண்டும். டெக்னீஷியனிடம் கொடுத்தால் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்த்தபின் இணைக்கட்டும். எழுதுவதற்கு முன் பழையதை இரண்டு முறை படித்து, இரண்டு பிரதிகளும் ஒத்துப்போகின்றனவா பார்த்து, பத்திரமாக வைக்கட்டும். சீரியல் எண்ணும், நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்ணான மேக் முகவரியும் அதற்குள் இருக்கக்கூடும். டவுன்லோட் செய்த கோப்பை அப்படியே மேலே எழுதினால் அவை அழிந்துபோகும்.

இனி போர்ட். 100 மெகாபிட்டுக்குக் கேபிளில் இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100-லேயே நிற்கிறது என்றதும் எனக்கு முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். நன்றாக ஓடும் முதல் போர்ட்டின் கேபிளைக் கழற்றி, ஸ்விட்ச் பக்கத்தைத் தொடாமல், இரண்டாவதில் செருகுங்கள். வேகம் வந்துவிட்டால் பழைய கேபிளோ, அது போய்ச் சேரும் ஸ்விட்ச் போர்ட்டோதான் குற்றவாளி. வரவில்லையென்றால் டார்ச் அடித்து உள்ளே பின் வளைந்திருக்கிறதா பாருங்கள்.

ஃபர்ம்வேர் காரணமாகும் இடமும் உண்டு. லினக்ஸில் “செக்சம் (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) சரியில்லை” என்று நெட்வொர்க் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் புகார் செய்தால், நெட்வொர்க் சிப்பின் சிறு நினைவகம் கெட்டிருக்கலாம். 2008-இல் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகள் இன்டெல் நெட்வொர்க் சிப்கள் சிலவற்றை இப்படித்தான் முடக்கின. ஆனால் அப்படிக் கெட்டால் போர்ட் பொதுவாக வேலையே செய்யாது; உங்கள் போர்ட் 100-இல் ஓடியதே! அதற்குப் பயாஸ் அப்டேட் மருந்தே அல்ல.

போர்ட் உண்மையிலேயே போயிருந்தாலும் மதர்போர்டில் செருகும் ஒரு பிசிஐஇ நெட்வொர்க் கார்டு போதும். அப்டேட் செய்யச் சொன்னது விற்றவர்தான் என்பதற்கு மெசேஜ் இருந்தால் அழிக்காதீர்கள். பேரம் பேச அது உதவும்.

ஒன்று விட்டுப்போனது: உங்களுடையது ஹெச்பி புரோலையன்ட் என்றால், வாரன்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ இருப்பவர்களுக்குத்தான் பயாஸ் கோப்பு என்று 2014 பிப்ரவரியில் அந்த நிறுவனம் விதி கொண்டுவந்தது. டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் கோப்பு கையில் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள்.