அக்கா குழந்தைக்குக் கருவிலேயே மூளை சரியாக வளரவில்லையாம். மாமன் மகனைக் கட்டியதுதான் காரணமா? அடுத்த குழந்தையும் இப்படித்தான் பிறக்குமா?

நானும் சொந்தத்தில் கட்டியவள்தான். அத்தை மகன். உங்கள் அக்கா காதில் இந்நேரம் என்னென்ன விழுந்துகொண்டிருக்கும் என்று நீங்கள் எழுதாமலே தெரியும். "அப்பவே சொன்னோமே" என்பவர்கள் யாரும் அப்போது ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

எங்கள் பெரியவனுக்கு இப்போது 10 வயது. வயிற்றில் இருந்தபோது 20ஆவது வார ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்கள். நாலு மாதக் குழந்தையாக இருக்கும்போது, தூங்கி எழுந்ததும் தலை வெடுக்கென்று முன்னால் சாயும், இரண்டு கையும் விரியும். திரும்பத் திரும்ப அதேபோல். உரம் விழுந்திருக்கிறது என்று அப்பத்தா தெரிந்த பாட்டியிடம் தூக்கிப்போய்ச் சேலையில் போட்டு உருட்டி எடுத்தார். மூன்று வாரம் இப்படியே போனது. அது ஃபிட்ஸில் ஒரு வகை என்பது, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்த பிறகுதான் தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் மூளை மழுமழுவென்று இருந்தது. மடிப்பே இல்லை. லிஸென்செஃபலி என்று பெயர் சொன்னார்கள்.

நரம்பியல் டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளைச் செல்கள் நடுவில், நீர் இருக்கும் அறைகளின் ஓரத்தில் பிறக்கின்றன. சுமார் 12ஆவது வாரத்திலிருந்து 24ஆவது வாரம் வரை அங்கிருந்து வெளிப்பக்கம் நகர்ந்துபோய் அடுக்கடுக்காக உட்கார வேண்டும். கடைசியில் பிறந்தது முன்னால் போனதைத் தாண்டி மேலே போகும். அப்படி 6 அடுக்கு ஒழுங்காக அமைந்தால்தான் பின்னால் மடிப்பு சரியாக விழும். "தேர் பாதி வழியில நின்னுபோச்சும்மா, நிலைக்கு வரல" என்றார். 20ஆவது வாரத்தில் எந்தக் குழந்தைக்கும் மூளை ஏறக்குறைய மழுமழுவென்றுதான் இருக்குமாம். ஒரு வருடமாக ஸ்கேன் டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம்.

முதலில் குரோமோசோம் டெஸ்ட் மட்டும் எடுத்தார்கள். நார்மல் என்று வந்தது. அப்படியானால் ஜீனில் கோளாறில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். அந்த டெஸ்டில் பெரிய மாற்றம்தான் தெரியும், சின்னப் பிழை தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் வீண். பிறகு வேறு ஊரில், ஜீன்களை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கும் எக்ஸோம் டெஸ்ட் எடுத்தபோதுதான் கிடைத்தது: 17ஆவது குரோமோசோமில் இருக்கும் லிஸ்1 என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். செல் நகர்வதற்கு உள்ளே ஒரு மோட்டார் புரதம் இழுக்கிறது, அதற்குக் கைகொடுப்பது இந்த ஜீன். எங்கள் இருவர் ரத்தத்தையும் பார்த்தார்கள். இரண்டிலும் அந்த மாற்றம் இல்லை. பிள்ளையிடம் புதிதாக விழுந்த பிழை. இந்த ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வருகிறது; அதில் ஒன்று கெட்டாலே போதும் என்பதால் சொந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "அப்ப எங்க வீட்டு ரத்தம் இல்லையா டாக்டர்?" என்று அத்தை இரண்டு தடவை கேட்டார். எனக்கும் அவருக்கும் அதே வீட்டு ரத்தம்தான், அது வேறு விஷயம்.

உடனே "சொந்தத்தில் கட்டலாம் என்கிறாயா?" என்று கிளம்பி வராதீர்கள். அப்படிச் சொல்லவில்லை. தலையே சின்னதாகப் பிறக்கும் பிரச்சினை ஒன்று உண்டு. அதில் அதிகம் அகப்படுவது ஏ.எஸ்.பி.எம். என்ற ஜீன். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் அந்தக் குறை வரும். இருவரிடமும் ஆளுக்கொரு கெட்ட பிரதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. இதற்கு நெருங்கிய சொந்தம் வழிவிடும், மறுக்க முடியாது. ஆனால் சின்னத் தலை கர்ப்பத்தில் வரும் சில தொற்றுகளாலும் வரலாம். உங்கள் அக்கா குழந்தைக்கு எது என்று நீங்கள் எழுதவே இல்லை. அது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது, நானும்தான்.

போன வாரம் பையன் பெயரில் இருக்கும் கணக்குக்காக ஒரு வங்கிக்குப் போனோம். சக்கர நாற்காலிக்கென்று அழகாகச் சரிவுப் பாதை கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் ஆறு பைக். எடுக்கச் சொன்னால் "அஞ்சு நிமிஷம்தானே மேடம்" என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று இதே ஆட்கள்தான் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். சரி, விடுங்கள்.

அடுத்த குழந்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்களுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்றார்கள். ரத்தத்தில் தெரியாவிட்டாலும் கருமுட்டையிலோ விந்திலோ ஒளிந்திருக்கலாமாம். அதனால் இரண்டாவதுக்கு 17ஆவது வாரத்தில் பனிக்குட நீர் எடுத்து அந்த ஒரு எழுத்தை மட்டும் தேடிப் பார்த்தார்கள். இல்லை. அவள் இப்போது யு.கே.ஜி. பெரியவனுடைய ரிப்போர்ட் கையில் இல்லாமல் இருந்திருந்தால் எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

அப்புறம் ஒன்று. உங்கள் அக்காவுக்குச் சின்ன வயதில் ஃபிட்ஸ் வந்ததுண்டா என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். எக்ஸ் குரோமோசோமில் டி.சி.எக்ஸ். என்று ஒரு ஜீன் உண்டு. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். அது கெட்டிருந்தால் தாய்க்கு வெறும் ஃபிட்ஸோடு நின்றுவிடலாம், அந்தக் கெட்ட பிரதி மகனுக்குப் போனால் மூளை மழுமழுவென்று ஆகிவிடும். கல்யாணத்துக்காக அதை மறைத்திருந்தால் டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.