பல்லைக் கடிப்பது என் மேல் உள்ள கோபமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வீட்டில் படுக்கும் இரவுகளில், நண்டுக் கால் நொறுங்குவதுபோல் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார். வயிற்றில் பூச்சி என்று மாமியார் இரண்டு முறை மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. என் மேல் உள்ள கோபத்தை அடக்கி வைத்திருக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். 'பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்' என்று பேசிப் பழகியதால் வந்த சந்தேகம் இது. தூக்கத்தில் மூளை சில நொடிகள் பாதி விழிக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. தாடைத் தசை இறுகுகிறது. சத்தம் அப்போதுதான் வருகிறது. அது அவருக்கே தெரியாது. பெரியவர்களில் 100 பேருக்கு 8 முதல் 13 பேர் வரை இப்படித்தான். ஆண், பெண் வேறுபாடு கிடையாது. வயது ஏற ஏறக் குறையும். பூச்சி இதற்குக் காரணமல்ல. இனி அந்த மாத்திரை வேண்டாம்.

கவலைக்குப் பங்கு உண்டு. டீசல் கடன், எல்லையில் பிடித்துவிடுவார்களோ என்ற அச்சம், இரவெல்லாம் வலையோடு விழித்துவிட்டுப் பகலில் தூங்கும் குறைத் தூக்கம் என்று அவருக்குக் கவலை பல இருக்கலாம். பீடி, மது, ராத்திரியில் குடிக்கும் தேநீர் ஆகியவையும் இதைத் தூண்டும். மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளாலும் வரும்.

குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறாரா? அப்படியானால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பல் கடியைவிட எனக்கு அதுதான் கவலை.

காலையில் எழுந்ததும் காதுக்குக் கீழே, தாடையின் திரண்ட சதையில் விரலால் அழுத்திப் பாருங்கள். வலிக்கிறதா? நெற்றிப்பொட்டில் தலைவலி உண்டா? கோரைப்பல்லின் முனை தேய்ந்து தட்டையாகிவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அளவெடுத்து, இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறை செய்து தருவார்கள். அது கடிப்பதை நிறுத்தாது. பல் தேயாமல் காக்கும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் இரவில் ஒழுங்காகத் தூங்குவார் அல்லவா? அப்போது சத்தம் குறைகிறதா, வருமானம் நின்ற கவலையில் கூடுகிறதா என்று கவனியுங்கள். மருத்துவரிடம் சொல்ல அது உதவும்.

சத்தம் கேட்டால் உலுக்கி எழுப்ப வேண்டாம். பொழுது விடிந்தபின், அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில், கேட்டதை அப்படியே சொல்லுங்கள்.