தாத்தாவின் பத்திரம் யாருக்கு வேண்டும்?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்று என் ஊர். கண்டியில் தனியார் கம்பனியொன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்பவர்கள் 'தோட்டக்காட்டுப் பிள்ளை' என்கிறார்கள். 'இந்தியாவுக்குப் போகலையா' என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். போன வாரம் ஓர் அரச அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டியும், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டுமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது டவுனிலுள்ள மாமா வீட்டு விலாசத்தைப் போடலாமா?

பதில்: தங்கச்சி, அரச அலுவலகத்து விஷயத்தை முதலில் பாருங்கள். அதற்குத்தான் தவணை இருக்கிறது.

தேசிய அடையாள அட்டை இலங்கைப் பிரஜைகளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்தால் அது இனம், பிரஜாவுரிமை அல்ல. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் பிள்ளை பேரப்பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது. பழைய பத்திரம் வீட்டில் இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். அதற்காகக் கேட்கிற இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

மறுபடி போகும்போது, எந்தச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்கிறார்கள் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பேச்சு பெரும்பாலும் அதோடு மாறிவிடும். தமிழிலேயே கேட்கலாம், அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. விளங்காத சிங்களப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். திகதி, நேரம், உத்தியோகத்தரின் பெயர், பதவி, அவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்து, அலுவலகத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். 'என்னைக் கேவலமாக நடத்தினார்கள்' என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் கோப்புக்குள் தூங்கிவிடும்.

பதில் வராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுங்கள். அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போவதற்கும் ஒரு மாதம்தான். ஆணைக்குழு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அதில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு விசாரணை தொடங்கியதா என்று கேட்காமலே இருப்பவர்கள்தான் தவணையைத் தவறவிடுகிறார்கள். ஆகவே சட்டத்தரணி ஒருவரையும் அதே மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

கம்பனிக்குள் நடப்பதற்கு இந்த மனு பொருந்தாது. அது அரச நிர்வாகச் செயலுக்கு எதிரானது. அங்கே, சொன்ன ஆளிடம் தனியாக ஒரு தடவை, 'இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, இனிச் சொல்ல வேண்டாம்' என்று நேராகச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டு சொன்னால் பகிடியாகிவிடும். திரும்பவும் நடந்தால் மனிதவளப் பிரிவுக்கு, சம்பவங்களைத் திகதியோடு எழுதிக் கொடுங்கள். இந்த வசை சிங்களவர் வாயிலிருந்து மட்டுமா வருகிறது? தமிழர்களும் நன்றாகவே சொல்கிறார்கள். தமிழர் என்பதற்காக அவர்களுக்குச் சலுகை வேண்டாம்.

விலாசத்தைப் பொறுத்தவரை, நிரந்தர விலாசம் அடையாள அட்டையிலும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழிலும் உள்ளதுபோலவே இருக்கட்டும். வேறுபட்டால், பிறகு ஆவணங்களைச் சரிபார்க்கும்போது உங்களுக்குத்தான் சிக்கல். தோட்டத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்தபிறகு கைக்கு வருவதும் நடக்கிறது. அதனால் 'தொடர்பு விலாசம்' என்ற இடத்தில் மாமா வீட்டைத் தாராளமாகப் போடுங்கள்.